காற்றுக்கு ஒரு தோல், தரைக்கு ஒரு தோல்

ஜெர்மனியின் தென்கிழக்கு மூலையில், செக் நாட்டு எல்லையை ஒட்டிப் படர்ந்திருக்கிறது பவேரியக் காடு. ஜனவரி முடியும் நாட்களில் அங்கே இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே பல டிகிரி இறங்கிவிடும். மற்ற மோட்டார் சைக்கிள்காரர்கள் வண்டியைப் போர்த்தி வைத்துவிட்டு வசந்தத்துக்குக் காத்திருக்கும் அந்தப் பருவத்தில்தான், டூர்மான்ஸ்பாங் கிராமத்தருகே உள்ள ஒரு பள்ளத்தாக்குக்கு ஆயிரக்கணக்கானவர்கள் ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து வண்டி ஓட்டி வந்து, பனியில் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். இந்தக் கூட்டத்துக்கு எலிஃபான்டென்ட்ரெஃபென் என்று பெயர். ‘பச்சை யானை’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட ட்ஸுண்டாப் கே.எஸ். 601 வண்டி வைத்திருந்தவர்களுக்காக, எர்ன்ஸ்ட் லெவர்குஸ் என்ற பத்திரிகையாளர் 1956இல் ஷ்டுட்கார்ட் அருகே தொடங்கி வைத்தது அது. 1989 முதல் பவேரியக் காட்டில் நடக்கிறது.

அந்தப் பள்ளத்தாக்கில் நெருப்பைச் சுற்றி நிற்பது சிரமமில்லை. வந்து சேரும் வழிதான் சிரமம். நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, மணிக்கு 80 அல்லது 100 கிலோமீட்டர் வேகக் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு வருகிறவருக்கு எந்த உடை வேண்டும்? பலருடைய மனத்தில் முதலில் எழும் படம் ஷியர்லிங் ஜாக்கெட்: வெளியே பழுப்புத் தோல், உள்ளே அடர்ந்த கம்பளி, காதுவரை நிமிர்த்தக்கூடிய கழுத்துப்பட்டை. அந்தப் படம் பாதி சரி. எந்தப் பாதி சரி என்பதைக் காட்ட இயற்பியலும், கொஞ்சம் விமான வரலாறும், ஆட்டின் உடற்கூறும் வேண்டும்.

முதலில் காற்று. உடலை ஒட்டி எப்போதும் ஒரு மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் படலம் இருக்கிறது. காற்று வீசினால் அந்தப் படலம் அடித்துச் செல்லப்பட்டு, தோல் மீண்டும் மீண்டும் புதிய குளிர்காற்றைச் சூடாக்க வேண்டியதாகிறது. இதை முதன்முதலில் முறையாக அளந்தவர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இரு அமெரிக்கர்கள். 1940–41இல் அன்டார்க்டிகாவின் லிட்டில் அமெரிக்கா முகாமில், சிறு பிளாஸ்டிக் உருளைகளில் தண்ணீரை நிரப்பித் திறந்தவெளியில் தொங்கவிட்டு, எந்தக் குளிரில், எந்தக் காற்றில் அது எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று குறித்தார்கள். அந்த அட்டவணையின் வழித்தோன்றல்தான் இன்று வானிலை அறிக்கைகளில் வரும் ‘உணரப்படும் வெப்பநிலை’. 2001இல் அமெரிக்காவும் கனடாவும் அதன் சூத்திரத்தைத் திருத்தி அமைத்தன.

அந்தச் சூத்திரத்தில் எண்களைப் போட்டுப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. வெப்பநிலை 0 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோமீட்டர் வேகக் காற்றில் திறந்த முகத்துக்கு அது மைனஸ் 5 போல இருக்கும். 80இல் மைனஸ் 10. 100இல் ஏறக்குறைய மைனஸ் 11. அதாவது 100 கிலோமீட்டர் வேகம் தரும் குளிரில் ஏறக்குறைய பாதியை முதல் 20 கிலோமீட்டர் வேகமே கொண்டுவந்துவிடுகிறது. ஊருக்குள் மெதுவாகத்தானே போகிறோம் என்று கழுத்தைத் திறந்துவிட்டுப் போகிறவருக்கு இந்த எண்கள் ஒரு எச்சரிக்கை.

ஆனால் இந்தச் சூத்திரம் திறந்த முகத்துக்கு மட்டுமே பொருந்தும். உடைக்கு வேகம் வேறு விதத்தில் பகை. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. உறைநிலைக் காற்று மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு சதுர மீட்டர் பரப்பைச் சுமார் 18 கிலோ எடையின் விசையோடு அழுத்தும். 100இல் அது 50 கிலோ ஆகிவிடும். பின்னல் ஸ்வெட்டரின் கண்களுக்குள் அந்தக் காற்று நேராகப் புகுந்து மறுபக்கம் வந்துவிடும். இறகு அடைத்த ஜாக்கெட் நெஞ்சோடு அமுங்கித் தட்டையாகிவிடும். அமுங்கியபின் அதில் தேங்கி நிற்கும் காற்று மிச்சமில்லை, வெப்பத்தடையும் இல்லை. ஆக, பைக் ஓட்டுபவரின் உடை இரண்டு வேலைகளை ஒருசேரச் செய்தாக வேண்டும்: வெளியே காற்றை மறிக்க வேண்டும், உள்ளே காற்றை அமுங்காமல் பிடித்து வைக்க வேண்டும்.

ஷியர்லிங் இந்த இரண்டையும் ஒரே பொருளில் செய்கிறது. செம்மறியை ஒருமுறை கத்தரித்துவிட்டு, சீரான உயரத்துக்குக் கம்பளி மீண்டும் வளர்ந்த நிலையில் கிடைக்கும் தோலை, கம்பளியைப் பிரிக்காமல் பதனிட்டால் வருவது ஷியர்லிங். தோல் காற்றை மறிக்கிறது. கம்பளியின் ஒவ்வொரு இழையும் அடியில் தோலுக்குள் வேரூன்றிச் செங்குத்தாக நிற்பதாலும், இயற்கையாகவே சுருள் கொண்டிருப்பதாலும், அமுக்கினாலும் மீண்டும் எழுகிறது. பிடித்து வைத்த காற்றோடு சேர்ந்த கம்பளியின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு, டிகிரிக்குச் சுமார் 0.04 வாட். 12 மில்லிமீட்டர் உயரக் கம்பளி முழுதாக நின்றால், உடை அறிவியலார் பயன்படுத்தும் அளவில் ஏறக்குறைய 2 குளோ வெப்பத்தடை கிடைக்கும். ஒரு சாதாரண கோட்டு-சூட்டு 1 குளோ. 1941இல் அந்த அலகை வகுத்தபோதே அதுதான் அளவுகோல்.

கம்பளிக்கு இன்னொரு குணம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை நீராவியைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும், தொட்டால் ஈரம் தெரியாது. அப்படி இழுக்கும்போது நீர் மூலக்கூறுகள் கெரட்டின் புரதத்தோடு பிணைந்து வெப்பத்தை வெளியிடுகின்றன. முற்றிலும் உலர்ந்த ஒரு கிலோ கம்பளி முழுதும் ஈரம் ஏறும்வரை வெளியிடும் வெப்பம் சுமார் 960 கிலோஜூல். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் இரண்டரை மணி நேரத்தில் வெளியிடும் வெப்பத்துக்கு இது நெருக்கம். நடைமுறையில் எந்த ஜாக்கெட்டும் அவ்வளவு உலர்ந்து தொடங்குவதில்லை என்பதால் இதில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஆனாலும் சூடான, உலர்ந்த வீட்டிலிருந்து ஈரக்குளிருக்குள் இறங்கும் அந்த முதல் அரைமணி நேரத்தில் அந்தப் பங்கு உடலுக்குத் தெரியும். செயற்கை இழைக்கு இந்தக் குணம் அநேகமாக இல்லை.

இவ்வளவு நல்ல பொருளை யார், எதற்காக ஜாக்கெட் ஆக்கினார்கள் என்பது முக்கியமான கேள்வி. 1919 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவின் டேட்டன் நகருக்கு வெளியே மக்குக் விமானத்தளத்தில், லெஸ்லி இர்வின் என்ற இளைஞர் பறக்கும் விமானத்திலிருந்து குதித்து, காற்றில் விழுந்துகொண்டே தன் கையால் பாராசூட்டை விரித்தார். பிறகு அவர் இங்கிலாந்தின் லெட்ச்வொர்த் நகரில் பாராசூட் தொழிற்சாலை அமைத்தார். விமானங்கள் மேலே மேலே ஏற ஏற விமானிகள் குளிரில் விறைப்பதைக் கண்டு, 1930களின் தொடக்கத்தில் அவர் வடிவமைத்ததுதான் பிரிட்டிஷ் விமானப்படையின் புகழ்பெற்ற செம்மறித்தோல் ஜாக்கெட். அமெரிக்கர்களிடம் அதற்கு இணையாக பி-3 வந்தது. ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். 7,500 மீட்டர் உயரத்தில், பி-17 குண்டுவீச்சு விமானத்தின் திறந்த பக்கவாட்டு ஜன்னலில் துப்பாக்கியோடு நின்றவருக்கு மைனஸ் 30க்கும் கீழான குளிர் சாதாரணம். உறைபுண்ணில் விரல் இழந்தவர்கள் பலர். 1943 வாக்கில் அமெரிக்கப் படை கனமான செம்மறித்தோலைக் கைவிட்டு, துணி ஜாக்கெட்டுகளுக்கும் மின்சாரத்தால் சூடேறும் உடைகளுக்கும் மாறத் தொடங்கியது. போர் முடிந்ததும் மிஞ்சிய ஜாக்கெட்டுகள் படைமிச்சக் கடைகளுக்கு மலிவாக வந்தன. அவற்றை வாங்கியவர்களில் மோட்டார் சைக்கிள்காரர்கள் ஏராளம். ஷியர்லிங் சாலைக்கு வந்த கதை இது.

இந்தக் கதையில் ஒரு விவரத்தைக் கவனிக்க வேண்டும். விமானி குளிரில் உறையலாம், குண்டடி படலாம். ஆனால் தார்ச்சாலையில் உராய்ந்து சறுக்க மாட்டார். அந்த ஜாக்கெட்டை வடிவமைத்தவர் காற்றை மட்டுமே எதிரியாகக் கணக்கில் எடுத்தார். பைக்காரருக்குத் தரையும் எதிரி.

தரையோடு மோதும்போது ஷியர்லிங் ஏன் பின்தங்குகிறது என்பதற்கு விடை ஆட்டின் தோலுக்குள்ளேயே இருக்கிறது. தோலின் வலிமை கொலாஜன் என்ற புரதத்தால் வருவது. மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு கயிறாக முறுக்கேறிய அதன் வடிவத்தைக் கண்டு சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். 1954–55இல் ‘நேச்சர்’ இதழில் அது வெளியானது. இந்த முறுக்கிழைகள் கற்றைகளாகச் சேர்ந்து, எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருந்தால் தோல் உறுதி. மாட்டுத்தோலில் அந்தப் பின்னல் நெருக்கமாக இருக்கிறது. கம்பளிச் செம்மறியில் அதற்கு இடம் போதவில்லை. மெல்லிய கம்பளி தரும் மெரினோ ஆட்டின் தோலில் ஒரு சதுர மில்லிமீட்டரில் 50க்கும் மேற்பட்ட இழைகள் முளைக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேர்க்குழி, பக்கத்தில் எண்ணெய்ச் சுரப்பி, கீழே கொழுப்பு. இத்தனையும் போக மீந்த இடத்தில்தான் கொலாஜன் பின்ன வேண்டும். வேர்க்குழிகள் முடியும் ஆழத்தில் கொழுப்பு மிகுந்த ஒரு தளர்ந்த அடுக்கு உருவாகிறது. பதனிட்ட செம்மறித்தோலை வலுவாக உரசினால் மேலடுக்கும் கீழடுக்கும் அங்கேதான் பிரிகின்றன.

இதற்கு நேர்மாறான சான்று தமிழ்நாட்டிலேயே மேய்ந்துகொண்டிருக்கிறது. சேலம் வட்டாரத்து மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளி கிடையாது, குட்டை முடிதான். அதன் தோலைத் தோல் வியாபாரிகள் தேடி வாங்குவது நெடுநாள் வழக்கம். முடி குறைந்த ஆட்டில் வேர்க்குழிகளும் கொழுப்பும் குறைவு, இழைப்பின்னல் நெருக்கம். வெப்பநாட்டு ஆட்டின் தோல் உறுதியானது, ஆனால் குளிர் தாங்காது. குளிர்நாட்டு ஆட்டின் தோல் குளிர் தாங்கும், ஆனால் தளர்ந்தது. கதகதப்பும் உறுதியும் ஒரே ஆட்டில் உச்சத்துக்கு வருவதில்லை என்பதை ஷியர்லிங் வாங்குகிறவர் மனத்தில் வைக்க வேண்டும்.

பதனிடும் முறையும் இதில் சேர்கிறது. வழக்கமான தோலைச் சுண்ணாம்பிலும் சோடியம் சல்ஃபைடிலும் ஊறவைப்பார்கள். முடியின் கெரட்டினைக் கட்டிவைத்திருப்பது கந்தகப் பிணைப்புகள். சல்ஃபைடு அவற்றை உடைத்து முடியைக் கூழாக்கிவிடும். கொலாஜனில் அத்தகைய பிணைப்பு இல்லாததால் தோல் தப்பிக்கிறது. ஷியர்லிங் செய்பவருக்கோ முடிதான் பொக்கிஷம். அவர் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கமே போக முடியாது. உப்பும் அமிலமும் கலந்த நீரில் ஊறவைத்து, பிறகு பெரும்பாலும் குரோமியம் உப்பால் பதனிடுகிறார். இன்னொன்று: சாதாரணத் தோல் ஜாக்கெட்டில் தோலின் வழவழப்பான மேல்பக்கம் வெளியே தெரியும். ஷியர்லிங்கில் அந்தப் பக்கத்தில் கம்பளி நிற்பதால், சதையை ஒட்டியிருந்த பக்கம் வெளியே வருகிறது. நாம் தடவிப் பார்த்து வியக்கும் அந்த மென்மை, உரசலைத் தாங்குவதற்கான மென்மை அல்ல.

ஐரோப்பாவில் இதை அளப்பதற்கு ஒரு தரநிலை இருக்கிறது: ஈ.என். 17092. உடையிலிருந்து வெட்டிய துண்டைச் சுழலும் கைகளில் பொருத்தி, குறிப்பிட்ட வேகத்தில் கான்கிரீட் தளத்தின் மீது விழவிட்டுத் தேய்ப்பார்கள். துண்டு நிற்கும்வரை ஓட்டை விழக்கூடாது. தோள், முழங்கை போல அதிகம் அடிபடும் பகுதிகள் ஏஏஏ வகுப்பில் 120 கிலோமீட்டர் வேகத்துக்கு ஈடான சோதனையைத் தாங்க வேண்டும். ஏஏ வகுப்பில் 70. ஏ வகுப்பில் 45. கீழே விழும்போது எலும்பைக் காக்கும் தோள், முழங்கைப் பட்டைகளுக்குத் தனித் தரநிலை, ஈ.என். 1621-1. 50 ஜூல் அடியில் சராசரியாக 35 கிலோநியூட்டனுக்கு மேல் உள்ளே கடத்தாதது முதல் நிலை, 20க்கு மேல் கடத்தாதது இரண்டாம் நிலை. சான்று பெற்ற உடையில் மோட்டார் சைக்கிள்காரர் படமும் வகுப்பு எழுத்தும் அச்சிட்ட சிறு துணிச்சீட்டு உள்ளே தைக்கப்பட்டிருக்கும். ‘பைக்கர் ஜாக்கெட்’ என்று கடைப்பலகையில் எழுதியிருப்பதற்கும் இந்தச் சீட்டுக்கும் சம்பந்தமே இல்லை. விமானி ஜாக்கெட்டின் நகல்களாக விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் இந்தச் சீட்டைப் பார்க்க முடியாது.

அப்படியானால் ஷியர்லிங்கை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. வேலையைப் பிரித்துக் கொடுத்தால் போதும். சட்டைக்கு மேல் இறுக்கமாக அணியும் காப்புச் சட்டைகள் கிடைக்கின்றன. தோள், முழங்கை, முதுகுப் பட்டைகள் அவற்றிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அவற்றில் உரசல் சான்று பெற்றதாகப் பார்த்து வாங்கி, அதற்கு மேல் ஷியர்லிங்கைப் போட்டுக்கொள்ளலாம். அல்லது வெளித்தோல் கெட்டியான மாட்டுத்தோலாகவும், ஷியர்லிங் கழற்றக்கூடிய உள்ளுறையாகவும், கழுத்துப்பட்டையாகவும் இருக்கும் ஜாக்கெட்டைத் தேடலாம். நெடுஞ்சாலையில் நாள்முழுதும் ஓட்டுகிறவருக்கு இரண்டாவது வழிதான் மேல் என்று நினைக்கிறேன். எடை கூடும், விலையும் கூடும். ஆனால் காற்றுக்கு ஒரு தோலும் தரைக்கு ஒரு தோலும் கிடைத்துவிடும்.

இனி, முழு ஷியர்லிங்கே வேண்டும் என்று கடைக்குள் நுழைகிறவர் என்ன பார்க்க வேண்டும்?

உண்மையான ஷியர்லிங்கா என்பதைக் கண்டுபிடிப்பது எளிது. கம்பளியை இரு கட்டைவிரலாலும் வகிர்ந்து அடியைப் பார்த்தால், இழைகள் தோலிலிருந்து நேரே முளைத்திருக்கும். போலியில் அங்கே துணியின் பின்னலோ நெசவோ தெரியும். ஜாக்கெட்டின் ஓரத்திலோ பைக்குள்ளோ வெட்டிய விளிம்பு எங்காவது திறந்திருக்கும். தோலும் கம்பளியும் ஒரே பொருளா, அல்லது இடையில் பசையும் துணியும் இருக்கிறதா என்பது அங்கே மறைக்க முடியாது. உள்ளிருந்து உதிர்ந்த ஓரிரு இழைகளை எரித்துப் பார்த்தால் ஐயம் முழுதும் தீரும். கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு, விரலில் பொடியாகும் கரியாகும். அக்ரிலிக்கும் பாலியெஸ்டரும் உருகிக் கெட்டியான மணியாகும். சறுக்கும்போது உராய்வுச் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டக்கூடிய பொருள் எது என்பதையும் இதே சோதனை சொல்லிவிடுகிறது.

கம்பளியின் உயரத்தில் பேராசை வேண்டாம். 20 மில்லிமீட்டர் கம்பளி கடைக் கண்ணாடியில் கம்பீரமாகத் தெரியும். கைப்பிடியைப் பிடிக்க முழங்கையை மடக்கினால் கை ஒரு உருளையாக விறைத்து நிற்கும். உடலில் 12 மில்லிமீட்டர் அளவும், கையில் அதற்குக் குறைவாகவும் இருப்பது ஓட்டுவதற்கு ஏற்றது. போதாததை உள்ளே ஒரு மெல்லிய கம்பளிச் சட்டையோ, வண்டியின் 12 வோல்ட் மின்சாரத்தில் சூடேறும் உள்சட்டையோ ஈடுகட்டும்.

முதுகுப்புறத்தில் எத்தனை துண்டுகள் என்று எண்ணுங்கள். போர்க்காலத்தில் தோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது சிறு துண்டுகளை ஒட்டுப்போட்டார்கள். இன்று அதையே அழகாகக் காட்டி விற்பவர்களும் உண்டு. தையல் கூடினால் காற்று நுழையும் இடமும் விழும்போது பிய்யும் இடமும் கூடும். தையலின் மேல் தோல் பட்டி வைத்து இரட்டைத் தையல் போட்டிருப்பது நல்லது. தோளிலும் முழங்கையிலும் தையல் வராமல் வெட்டியிருந்தால் இன்னும் நல்லது.

பிறகு, உட்கார்ந்து பார்க்க வேண்டும். கடையில் நின்றபடி பொருந்தும் ஜாக்கெட், கைகளை முன்னே நீட்டிக் குனிந்தால் இடுப்பில் சில விரற்கடை உயர்ந்து முதுகின் அடிப்பகுதியைத் திறந்துவிடும். ஒரு நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, அதன் முதுகுச்சட்டத்தைக் கைப்பிடியாக நினைத்துப் பிடித்தாலே உண்மை தெரிந்துவிடும். தலைக்கவசத்தையும் கொண்டுபோய் அணிந்து பார்ப்பது அவசியம். நிமிர்த்திய கழுத்துப்பட்டை கவசத்தின் அடியில் இடித்தால், பின்னால் வரும் வண்டியைப் பார்க்கத் தலை திரும்பாது. நிமிர்ந்த பட்டையை இறுக்கிப் பிடிக்கும் வார்களும், இடுப்பு வாரும், மணிக்கட்டு ஜிப்பும், முன் ஜிப்பின் பின்னால் ஒரு தோல் மடிப்பும் அலங்காரம் அல்ல. காற்றழுத்தம் உள்ளே புகும் நான்கு வாசல்களையும் அடைப்பவை அவை. உடலின் நடுப்பகுதி குளிர்ந்தால் மூளை விரல்களுக்குப் போகும் இரத்தத்தைத்தான் முதலில் குறைக்கும். பிரேக்கையும் கிளட்சையும் பிடிக்கிற விரல்கள் அவை.

கடைசியாக ஈரம். ஆட்டின் உடலில் இருந்தவரை கம்பளியில் எண்ணெய்ப் பசை இருந்தது, மழை வழிந்தோடியது. பதனிடும் ஆலையில் அதில் பெரும்பகுதி கழுவப்பட்டுவிடுகிறது. ஜாக்கெட் ஆன ஷியர்லிங் மழையைக் குடிக்கும். குடித்தால் கனக்கும், உலர ஒரு நாளுக்கு மேல் ஆகும். நீரின் வெப்பக் கடத்துதிறன் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் என்பதால், நனைந்த கம்பளி கதகதப்பின் பெரும்பகுதியை இழந்துவிடும். நனைந்த ஜாக்கெட்டை ஹீட்டர் முன் தொங்கவிடுவது அதைவிட மோசம். நீர் வேகமாக வெளியேறும்போது கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தோல் அட்டையாக விறைத்துவிடும். அகலமான தோள் உள்ள தாங்கியில் மாட்டி, சாதாரண அறைக்காற்றில் மெல்ல உலரவிட வேண்டும். குளிர்நாட்டுச் சாலைகளில் பனி உருகத் தூவும் உப்பு தெறித்திருந்தால், உலர்வதற்கு முன்பே ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.

ஆகவே ஷியர்லிங் வாங்குகிற அன்றே, அதற்கு மேல் போடுமளவு பெரிய மழைச்சட்டை ஒன்றையும் வாங்கிவிடுவது நல்லது. வழக்கமாக அணியும் அளவு போதாது. ஜாக்கெட்டை அணிந்தபடியே மழைச்சட்டையைப் போட்டு, ஜிப்பை மேல்வரை ஏற்றி, கைகளை முன்னே நீட்டிப் பார்த்து அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.